எட்டுப் பரப்பு

பதினெட்டு ஆண்டுகளாகச் சிவப்பு மையைத் துணையாகக் கொண்டு பிழைப்பு நடத்துபவன் நான். ஒற்று மிகுதல், ஒருமை பன்மை மயக்கம், றகர ரகரக் குழப்பம் ஆகியவற்றைக் கண்டதும் கை தானாக ஓடிவிடும். சென்ற ஆண்டு அந்தக் கை செய்த பிழையைப் பற்றியதே இக்கட்டுரை.

பொதுத்தமிழ் வகுப்பில் முதலாண்டு மாணவர்களுக்கு 'எங்கள் வீடு' என்னும் தலைப்பில் இரண்டு பக்கம் எழுதிவரச் சொல்லியிருந்தேன். அறுபது தாள்கள் வந்தன. பெரும்பாலும் 'வீடு என்பது மனிதனின் அடிப்படைத் தேவைகளுள் ஒன்றாகும்' என்றே தொடங்கின. அந்தச் சலிப்பில் ஒரு மாணவியின் தாள் கைக்கு வந்தது. அதில் இப்படி எழுதியிருந்தாள்:

'எங்களுக்கு ஊரில் எட்டுப் பரப்புக் காணி இருந்தது. அதில் ஒரு கிணறு. அந்தத் தண்ணீரை நான்கு வீட்டுக்காரர் பாவித்தார்கள். காணி போய்விட்டது. ஆனாலும் அம்மம்மாவிடம் உறுதி இருக்கிறது.'

'பரப்பு' என்ற சொல்லின்கீழ்க் கோடிட்டு, 'பரப்பா, காணியா? எந்த அலகு என்று தெளிவாக எழுதுக' என்று குறித்தேன். 'பாவித்தார்கள்' என்பதை அடித்து 'பயன்படுத்தினார்கள்' என்று திருத்தினேன். கடைசி வரி மட்டும் என்னை நிறுத்தியது. எல்லாம் போனபின்னும் ஒரு மூதாட்டியிடம் எஞ்சியிருக்கும் மனத்திண்மை! விளிம்பில் 'நல்ல வரி' என்று எழுதினேன். பத்துக்கு ஆறு மதிப்பெண் இட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

மறுநாள் அவள் துறைக்கு வந்தாள். மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"ஐயா, பரப்பு என்பதுதான் அலகு. பதினாறு பரப்பு சேர்ந்தால் ஒரு ஏக்கர். காணி என்றால் எங்கள் வீட்டில் நிலம் என்றுதான் அர்த்தம்."

எட்டுப் பரப்பு என்றால் அரை ஏக்கர், நம் கணக்கில் ஐம்பது சென்ட். அவளுடைய வாக்கியத்தில் எந்தப் பிழையும் இல்லை. நான் தலையசைத்துத் தாளை வாங்கித் திருத்தப் போனேன். அவள் தயங்கி நின்றாள்.

"இன்னொன்று ஐயா. உறுதி என்று எழுதியது காணி உறுதியை. இங்கே பத்திரம் என்று சொல்கிறார்களே, அது. அம்மம்மா வரும்போது பையில் வைத்துக் கொண்டுவந்தது. இன்னும் இருக்கிறது."

தெரியாத சொல்லைப் பிழை என்றேன். தெரிந்ததாக நினைத்த சொல்லைத் தவறாகப் படித்துவிட்டுப் பாராட்டினேன். இரண்டாவதுதான் எனக்குக் கூடுதல் வெட்கத்தைத் தந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் தோப்புக்கொல்லை, லேணாவிளக்கு, அழியாநிலை ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021 முதல் அரசு அவற்றை மறுவாழ்வு முகாம்கள் என்று அழைக்கிறது. அங்கிருந்து எங்கள் கல்லூரிக்குப் பிள்ளைகள் வருவது புதிதன்று. முகாமிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறை அது. வகுப்பில் அவர்கள் பேசும் தமிழ் நம் பிள்ளைகளின் தமிழ்தான். எழுத உட்கார்ந்து வீட்டை நினைத்தால் மட்டும் வேறொரு தமிழ் வந்துவிடுகிறது. இந்த மாணவியின் குடும்பம் 1990இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கிலிருந்து புறப்பட்டது. அவள் அந்த எட்டுப் பரப்பைப் பார்த்ததே இல்லை. அதன் அளவு மட்டும் அவளுக்குத் தெரியும்.

*

அன்று மாலை என் அக்காள் வீட்டில் நடந்த பழைய வேடிக்கை ஒன்று நினைவுக்கு வந்தது. அக்காள் மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். சென்றடைந்த புதிதில் ஒருநாள் தொலைபேசியில், "கேஸ் போட்டுட்டுக் கூப்பிடுறேன்ம்மா" என்றான். அக்காள் பதறி, "அடுப்புல கேஸ் தீர்ந்துபோச்சா? பக்கத்து வீட்டுல ஒரு சிலிண்டர் கடன் கேளேன்டா" என்றார். அவன் சொன்னது காருக்குப் போடும் பெட்ரோலை. நம்மை ஆண்டவர்கள் பிரிட்டிஷார் என்பதால் நம் வாயில் பெட்ரோல் என்ற அவர்கள் சொல் நின்றுவிட்டது.

அதே பெட்ரோலை அளக்கும் கேலன்கூட இருவருக்கும் ஒன்றன்று. பிரிட்டனின் கேலன் ஏறத்தாழ 4.55 லிட்டர், அமெரிக்காவினுடையது 3.79 லிட்டர். ஆங்கிலேயர் தம் உடல் எடையைப் 'பதினோரு ஸ்டோன்' என்பார்கள். ஒரு ஸ்டோன் பதினான்கு பவுண்டு. அமெரிக்கர்கள் எல்லாவற்றையும் பவுண்டிலேயே சொல்லிப் பழகியவர்கள். ஆளைக் கல்லால் நிறுப்பதா என்று விழிப்பார்கள். தமிழனுக்கு அதில் வியப்பில்லை. நம் கடைகளில் இருந்ததும் எடைக்கல்தான். இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் 'ஆடவல்லான்' என்ற பெயரில் ஒரு நிறைகல்லும் ஒரு மரக்காலும் வருகின்றன. ஆடும் இறைவனின் பெயரையே அளவைக்கு வைத்துவிட்டால் குறைத்து அளக்கக் கை கூசும் என்று நினைத்தார்களோ என்னவோ.

கேலன் கதையில் என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. பெயர்ந்து போனவர்கள்தாம் பழையதை மாற்றிக்கொண்டிருப்பார்கள் என்றே எண்ணியிருந்தேன். நடந்தது நேர்மாறு. அமெரிக்காவில் இன்றும் புழங்குவது 1707இல் ஆன் அரசியின் காலத்தில் இங்கிலாந்து சட்டமாக்கிய பழைய ஒயின் கேலன். இங்கிலாந்துதான் 1824இல் அதைக் கைவிட்டுப் புதிய கேலனை வகுத்துக்கொண்டது. இருந்த இடத்திலேயே இருப்பவன் காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்கிறான். கடல் கடந்தவன் கொண்டுபோனதை அப்படியே வைத்திருக்கிறான். வைத்திருப்பவனைப் பார்த்து, இதென்ன விசித்திரம் என்று மாற்றிக்கொண்டவன் கேட்கிறான். சிவப்பு மையால் நான் கேட்டதும் அதைத்தானே.

காணி என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கீழ்வாயிலக்கத்தில் அது எண்பதில் ஒரு பங்கு. தொண்டை மண்டலத்தில் அது ஒரு நில அளவு. கல்வெட்டுகளில் காணி என்பது நிலத்தின்மீது வழிவழியாக வரும் உரிமை. காணியாட்சி என்னும் சொல் அதிலிருந்து வந்தது. பாரதி பராசக்தியிடம் காணி நிலம் கேட்டதை வகுப்பில் நடத்தும்போது, ஏதோ கையகல இடம் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வார்கள். சென்னைப் பக்கத்துக் கணக்கில் ஒரு காணி 24 கிரவுண்ட், அதாவது 57,600 சதுர அடி என்று சொன்னதும் சிரிப்பார்கள். நாம் அந்தச் சொல்லைக் கவிதைக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பிளாட், மனை, சென்ட் என்று பேசுகிறோம். யாழ்ப்பாணத்தில் இன்றும் காணி வாங்குகிறார்கள், விற்கிறார்கள், காணிக்காக வழக்காடுகிறார்கள்.

சென்ட் என்பதும் ஒரு வேடிக்கைதான். ஏக்கர் ஆங்கிலேயர் தந்தது. அதை நூறாகப் பகுத்து நிலம் விற்பது தென்னிந்திய வழக்கு. லண்டன்காரரிடம் 'பத்து சென்ட் இடம்' என்றால் சில்லறைக் காசு என்று நினைத்துக்கொள்வார். இலங்கையில் அதே ஏக்கரை 160 பேர்ச்சாகப் பகுப்பார்கள். ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச். ஒரே எசமானன் கொடுத்த ஏக்கர், பாக்கு நீரிணைக்கு இருபுறமும் இரண்டு வகையாகக் கூறுபோடப்பட்டிருக்கிறது.

*

இதற்கெல்லாம் கடல் தாண்ட வேண்டியதில்லை. என் அப்பத்தா பிறந்தது புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில். சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா, நடுவில் தொண்டைமான் மன்னரின் சிறிய நாடு. 1948 மார்ச்சில் அது இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. 1974 ஜனவரியில் தனி மாவட்டமாயிற்று. சமஸ்தானத்துக்கென்று ஒரு செப்புக்காசு இருந்தது. ஒருபுறம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் அமர்ந்த கோலம், மறுபுறம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற சொல். அதுதான் அம்மன் காசு. நவராத்திரி நாட்களில் அரிசியோடு அந்தக் காசையும் மக்களுக்குத் தானமாகக் கொடுப்பார்கள். எல்லையைத் தாண்டித் திருச்சிக்குப் போனால் அதைக் கையில் வாங்கி யாரும் சரக்குத் தரமாட்டார்கள் என்று அப்பத்தா சொல்வார்.

ஓர் அணாவுக்கு இருபது அம்மன் காசு. பதினாறு அணா ஒரு ரூபாய். ஆக ரூபாய்க்கு 320 காசு. இந்தக் கணக்கைப் பல ஆண்டுகள் அறிந்திருந்தும் அதில் ஒளிந்திருப்பது எனக்குத் தெரியவில்லை. கீழ்வாயிலக்கம் நடத்திய ஒரு நாளில், முந்திரி என்பது 320இல் ஒன்று என்று கரும்பலகையில் எழுதியபோதுதான் கை நின்றது. ஓர் அம்மன் காசு என்பது ஒரு ரூபாயில் சரியாக ஒரு முந்திரி. அவ்வாறு நினைத்தே காசை வகுத்தார்களா என்பது வேறு. எண்சுவடி படித்த ஒரு கணக்குப்பிள்ளைக்கு அந்தக் காசு கையில் ஏந்திய பின்னமாகவே தெரிந்திருக்கும். எனக்கோ அது காட்சிப்பொருள்.

நெல் அளக்கும்போது அப்பத்தா முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லமாட்டார், 'லாபம்' என்பார். அதன்பிறகுதான் இரண்டு, மூன்று. அரிசி கொடுப்பதென்றால் படியைக் குவித்து அளப்பார். கடன் வாங்கியவர் தலைதட்டித் திருப்பித் தந்தால் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்வார். ஆனால் அது அவர் நினைவில் இருக்கும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்று எனக்கும் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் நான் அதைப் படித்தது தேர்வுக்காக. அவர் கையில் அந்தக் கணக்கு அண்டை வீட்டாரோடு இருந்த உறவாக இருந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. 1958 அக்டோபரிலிருந்து கிலோகிராம் வரத்தொடங்கியது. 1962க்குள் பழைய அளவைகள் சட்டப்படி விடைபெற்றன. கிலோவைக் குவித்து நிறுக்க முடியாது. நியாயமான அளவைதான், நான் பழையது வேண்டும் என்று வாதாடவில்லை. ஊருக்கு ஒரு படி இருந்த காலத்தில் ஏமாந்தவர்கள் எப்போதும் ஏழைகளாகவே இருந்திருப்பார்கள். சட்டம் படியை எடுத்துக்கொண்டது. சொல்லை மறந்தது நாம்.

அந்த மறதியின் விலையை நானே ஒருமுறை அறிந்தேன். தந்தை மறைந்தபின் பாகப்பிரிவினைக்காகத் தாத்தா காலத்துப் பத்திரத்தை எடுத்தோம். 'நஞ்சை ஒரு மா நாற்பது குழி' என்றிருந்தது. தமிழில் முதுகலை பெற்றவன் என்பதால் பத்திரத்தை என்னிடமே நீட்டினார்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று ஒப்பித்தேன். "அது சரி தம்பி, இன்னைக்கு அது எம்புட்டு?" என்றார் சித்தப்பா. விடை தெரியவில்லை. கடைசியில் கண்மாய்க்கரைப் பெரியவர் ஒருவரை அழைத்துவந்தோம். அவர் பத்திரத்தைக் கேட்கவில்லை. "எத்தனை அடிக் கோலு?" என்றுதான் கேட்டார். குழியின் அளவு கோலின் நீளத்தைப் பொறுத்தது. அதனால்தான் தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றின் சுவரிலும் அடித்தளத்திலும் கோலின் அளவை வெட்டி வைத்தார்கள். எவருக்கு ஐயம் வந்தாலும் கல்லிடம் போய்க் கேட்டுக்கொள்ளலாம். எங்கள் நிலம் பன்னிரண்டடிக் கோல். ஒரு குழி 144 சதுர அடி. 140 குழிக்கு 20,160 சதுர அடி. நாற்பத்தாறு சென்ட்டுக்குச் சற்று அதிகம். பெரியவர் மனக்கணக்காகவே சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனார். அவர் இப்போது இல்லை.

*

மாணவியின் தாளுக்குப் பத்துக்கு ஒன்பது இட்டேன். 'பாவித்தார்கள்' மீது போட்ட கோட்டை அழிக்க முடியவில்லை. அருகில் 'சரியே' என்று எழுதினேன். நம் பக்கத்தில் பாவித்தல் என்றால் இல்லாததை இருப்பதாக நினைத்தல், அவர்களுக்குப் பயன்படுத்துதல். கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இத்தகைய இலங்கை வழக்குகளைக் குறியிட்டே தருகிறது. என் மேசையிலேயே இருக்கும் நூல் அது. புரட்டிப் பார்க்கத் தோன்றாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. எனக்குத் தெரியாத தமிழ் ஒரு முதலாண்டு மாணவிக்குத் தெரிந்திருக்கும் என்று நான் எண்ணியிருக்கவில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் மூத்தவர் எவரிடமாவது கேட்டு, தங்களுக்குப் புரியாத ஓர் அளவுச்சொல்லைக் கொண்டுவரவேண்டும். அறந்தாங்கிப் பக்கத்து மாணவன் ஒருவன் 'பதக்கு' கொண்டுவந்தான். ஒருத்தி 'வீசம்' என்றாள், பதினாறில் ஒன்று. மணமேல்குடிக் கடற்கரையிலிருந்து வருபவன் ஆழத்தை அளக்கும் 'பாகம்' என்ற சொல்லைச் சொல்லி, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். முகாம் மாணவி பரப்பைச் சொன்னாள். ஒரு பெண் எழுந்து, "அப்படின்னா நம்ம சென்ட்டுல எத்தனை?" என்று கேட்டாள். அவள் கரும்பலகைக்கு வந்து கணக்குப் போட்டுக் காட்டினாள். ஒரு பரப்பு ஆறேகால் சென்ட். அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அவள் இரண்டாம் வரிசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

பருவத்தின் இறுதியில் பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய அம்மம்மா வந்திருந்தார். எண்பதை நெருங்கிய ஒல்லியான உருவம். உறுதியின் படியொன்றை உறையில் இட்டு எடுத்துவந்திருந்தார். போர் முடிந்த 2009க்குப் பிறகு வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் வசமிருந்த காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டு வருகின்றன. எல்லாம் இன்னும் விடுபடவில்லை. அவருடைய காணி எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தாளில் எல்லைகள் நான்கு திசைக்கும் எழுதப்பட்டிருந்தன. பரப்புக்குக் கீழே 'குழி' என்ற சொல் இருந்தது. என் தாத்தாவின் பத்திரத்தில் இருந்த அதே குழி. நான் அதை விரலால் தொட்டுக் காட்டி, எங்கள் பத்திரத்திலும் இச்சொல் உண்டு என்றேன்.

"உங்கட குழி எவ்வளவு தம்பி?"

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "நாங்கள் வந்த புதிசில முகாமில தந்த அறை பத்துக்குப் பத்து. அஞ்சு பேர் இருந்தனாங்கள்" என்றார். ஒரு குழிக்கும் குறைவு என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தம்பிக்கு எவ்வளவு காணி இருக்கு?"

பிறர் நிலத்தின் அளவை இப்படி நேரடியாகக் கேட்பது நம் ஊரில் அவ்வளவு நாகரிகம் ஆகாது. அவர் கேட்டபோது அப்படித் தோன்றவில்லை. நாற்பத்தாறு சென்ட் என்றேன். பேத்தி உதவ வாயெடுத்தாள், அவர் கையமர்த்தினார். முப்பத்தைந்து ஆண்டுகளாக இங்கே இருப்பவருக்குச் சென்ட் தெரியாதா என்ன. விரல்களின் கணுக்களில் பெருவிரல் மெல்ல நகர்ந்தது.

"ஏழரைப் பரப்புக்குக் கொஞ்சம் குறைய வரும்" என்றார். பிறகு உறுதியை மடித்து உறைக்குள் இட்டபடி, "கிட்டத்தட்ட எங்கட காணி அளவுதான்" என்றார்.